பல்கலைக்கழகம் நெல்லையில், ஊர் குமரியில்: கல்லூரியையும் நகரத்தையும் இணைக்கும் மன்றம் எப்படி இயங்கும்?

கல்லூரி அறிவிப்புகளிலும் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களிலும் ‘சமூக ஈடுபாடு’, ‘விரிவாக்கப் பணி’, ‘கிராமத் தத்தெடுப்பு’ போன்ற சொற்கள் இப்போது சாதாரணமாக வருகின்றன. கூடவே, கல்லூரியையும் சுற்றியுள்ள ஊரையும் இணைக்க ஒரு மன்றம் தொடங்கலாமே என்ற பேச்சும் எழுகிறது. கேட்பவர் குழம்பத்தான் செய்வார். நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது, பழைய மாணவர் சங்கம் இருக்கிறது, ரோட்டரியும் லயன்ஸும் இருக்கின்றன. இன்னொன்று எதற்கு? ஊர்க்காரர் அதில் சேர்ந்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? கல்லூரிக்குத்தான் என்ன லாபம்?

முதலில் இந்த அமைப்பு என்ன என்று பார்ப்போம். குமரி மாவட்டத்துக்கு அது எந்த வடிவத்தில் பொருந்தும் என்பது அப்புறம்.

மன்றம் என்றால் என்ன

பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ இருப்பவர்களும், அதைச் சுற்றி வாழ்பவர்களும் ஒரே தகுதியுள்ள உறுப்பினர்களாகச் சேரும் தன்னார்வ அமைப்புதான் இது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதை ‘டவுன் அண்ட் கவுன்’ மன்றம் என்பார்கள். டவுன் என்பது நகரவாசிகள், கவுன் என்பது அங்கி அணிந்த கல்விக்கூடத்தார். இந்தக் கட்டுரையில் வசதிக்காக நகர-வளாக மன்றம் என்று வைத்துக்கொள்வோம்.

‘ஒரே தகுதியுள்ள உறுப்பினர்கள்’ என்பதுதான் இதில் முக்கியம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஊர்க்காரர் உறுப்பினர் ஆக முடியாது. அவர் சேவையைப் பெறுபவர், அவ்வளவுதான். பழைய மாணவர் சங்கத்தில் சேர அந்தக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும். ரோட்டரி போன்றவற்றில் பேராசிரியர் சேரலாம், ஆனால் கல்லூரி சேராது. கல்லூரியும் ஊரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் ஓட்டுப் போடும் இடம் இந்த நான்கிலும் இல்லை.

இப்படி ஒரு மேசை தேவைப்பட்டதற்குக் காரணம், இரண்டு தரப்பும் பழைய காலத்தில் உண்மையிலேயே அடித்துக்கொண்டதுதான். 1355 பிப்ரவரி 10 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மதுக்கடையில் வைன் சரியில்லை என்று மாணவர்கள் கிளப்பிய தகராறு கலவரமாகி, சுமார் 63 கல்விக்கூடத்தாரும் 30 நகரவாசிகளும் செத்தார்கள். அரசர் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றார். நகரத்தின் மேயர் ஆண்டுதோறும் தேவாலயத்துக்கு வந்து 63 பென்னி அபராதம் செலுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அந்த வழக்கம் 1825 வரை நீடித்தது. 1955-ல்தான் முறையான சமாதானம்: மேயருக்குக் கௌரவப் பட்டம், துணைவேந்தருக்கு நகரத்தின் கௌரவக் குடியுரிமை. அறுநூறு ஆண்டுப் பகை.

நம் பக்கத்தில் இந்த அளவுக்கு எதுவும் நடந்ததில்லை. இங்கே இருப்பது பகை இல்லை, பாராமுகம். கல்லூரி மதிலுக்கு உள்ளே என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று எதிரே டீக்கடை வைத்திருப்பவருக்குத் தெரியாது. டீக்கடைக்காரரின் கிணறு ஏன் உப்பாகிறது என்று உள்ளே இருக்கும் வேதியியல் துறைக்கும் தெரியாது.

மூன்று வகை மன்றங்கள்

வெளிநாடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் இத்தகைய அமைப்புகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. சந்திப்பு மன்றம். சொற்பொழிவு, இசை, விருந்து, பேச்சு. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1898-ல் பெண்கள் தொடங்கிய டவுன் அண்ட் கவுன் மன்றம் இந்த வகை. பேராசிரியர்களின் குடும்பத்தாரும் நகரப் பெண்களும் பழகுவதற்கான இடமாக அது இருந்தது. 1899-ல் பெர்னார்ட் மேபெக் என்ற கட்டிடக் கலைஞர் அதற்கென வரைந்த கட்டிடம் இன்றும் பேசப்படுகிறது.

2. உதவித்தொகை மன்றம். நகரத்தில் பணம் திரட்டி மாணவருக்குக் கொடுப்பது. லாஸ் ஏஞ்சலிஸில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1904-ல் தொடங்கிய பெண்கள் அமைப்பு இதற்கு உதாரணம்.

3. கேள்வி மன்றம். ஊர் ஒரு கேள்வியைக் கொண்டுவரும், கல்விக்கூடம் அதற்கு விடை தேடும். 1970-களில் நெதர்லாந்தில் பல்கலைக்கழகங்கள் தொடங்கிய ‘அறிவியல் கடை’ இதன் தெளிவான வடிவம். அங்கே கேள்வி கொண்டுவருபவருக்கு மூன்று நிபந்தனைகள் இருந்தன: ஆய்வுக்குப் பணம் கொடுக்க முடியாதவராக இருக்க வேண்டும், வணிக நோக்கம் இருக்கக் கூடாது, கிடைக்கும் விடையைப் பயன்படுத்தும் நிலையில் இருக்க வேண்டும்.

குமரி மாவட்டத்தில் முதல் இரண்டு வகைக்கும் பஞ்சமில்லை. சொற்பொழிவுக்கு இலக்கிய அமைப்புகள் இருக்கின்றன, ஊர் வாசகசாலைகள் இருக்கின்றன. கல்வி உதவிக்குச் சபைகளும் சமுதாய அமைப்புகளும் வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். இல்லாதது மூன்றாவது வகை. புதிதாக ஒரு மன்றம் தொடங்கி, அதிலும் பொன்னாடையும் பட்டிமன்றமும்தான் நடக்கும் என்றால், அந்த உழைப்பை மிச்சப்படுத்திவிடலாம்.

ஏற்கெனவே உள்ள திட்டங்கள் என்ன செய்கின்றன

செய்திகளில் கலந்து வரும் நான்கு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

1. நாட்டு நலப்பணித் திட்டம். 1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. 2004 சுனாமியின்போதும் 2017 ஒக்கி புயலின்போதும் பார்த்ததுபோல, ஆள் பலம் உடனே தேவைப்படும் நேரத்தில் இதற்கு இணை இல்லை. ஆனால் ஏழு நாள் முகாமில் ஒரு குளத்தைச் சுத்தம் செய்யலாம். அந்தக் குளம் ஏன் மறுபடி ஆகாயத்தாமரையால் நிரம்புகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

2. விரிவாக்கம். கல்லூரியின் அறிவை வெளியே மக்களிடம் கொண்டுபோகும் பணி இது. கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றுக்குச் சமமான மூன்றாவது கடமையாக இதை 1977-ல் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்றுக்கொண்டது. கல்லூரிகளைத் தரம் பார்க்கும் தேசிய அமைப்பான ‘நாக்’கின் மதிப்பீட்டில் பல ஆண்டுகளாகப் பயன்பட்ட ஏழு அளவுகோல்களில் மூன்றாவது, ஆராய்ச்சியோடு விரிவாக்கத்தையும் சேர்த்தே பார்த்தது. கல்லூரிகள் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் படம் எடுத்துக் கோப்பில் வைப்பதற்கு இதுவே காரணம். அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை, மதிப்பெண் அங்கே இருக்கிறது. ஆனால் எத்தனை நிகழ்ச்சி, எத்தனை மாணவர் என்ற எண்ணிக்கைக்கு மதிப்பெண் இருக்கும்வரை, ஊரின் கேள்விக்கு விடை கிடைத்ததா என்பது யாருடைய கணக்கிலும் வராது.

3. உன்னத் பாரத் அபியான். 2014-ல் மத்திய அரசு தொடங்கியது. பங்கேற்கும் உயர்கல்வி நிறுவனம் குறைந்தது 5 கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும்.

4. சமூக ஈடுபாட்டுப் பாடம். பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதலில் உள்ள 2 கிரெடிட் பாடம். வகுப்போடு களப்பணியும் சேர்ந்தது.

நான்கிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது: தொடங்குவது கல்லூரி, திட்டமிடுவது கல்லூரி, அறிக்கை எழுதுவதும் கல்லூரி. ஊர் கடைசியில் வரும் விருந்தாளி. மன்றம் என்ற ஏற்பாடு இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால்தான் அதற்குத் தனியாக ஒரு பெயர்ப்பலகை தேவை.

குமரியின் தனிச் சிக்கல்கள்

இங்கே மூன்று விஷயங்கள் மற்ற இடங்களிலிருந்து வேறுபடுகின்றன. ஒவ்வொன்றும் மன்றத்தின் வடிவத்தை மாற்றும்.

1. பல்கலைக்கழகம் எப்போதும் வெளியூரில்

நகர-வளாக மன்றம் என்பதன் அடிப்படை, பல்கலைக்கழகம் அந்த ஊரிலேயே இருப்பது. குமரியின் கதை வேறு. லண்டன் மிஷன் செமினரியிலிருந்து வளர்ந்த நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893-ல் கல்லூரியானபோது பல்கலைக்கழகம் சென்னையில் இருந்தது. 1937-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் வந்ததும் தலைமையிடம் திருவனந்தபுரம் ஆனது. 1952-ல் தொடங்கிய தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியின் பெயரிலேயே அந்தக் காலம் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு மீண்டும் சென்னை, 1966-ல் மதுரை, 1990-ல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். அதன் அபிஷேகப்பட்டி வளாகத்துக்கு நாகர்கோவிலிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

மாவட்டத்துக்குள் பல்கலைக்கழகமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல்சார் அறிவியல் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. குமாரகோவிலில் நூருல் இஸ்லாம் உயர்கல்வி மையம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. திருப்பதிசாரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையமும், பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, கோணத்தில் பொறியியல் கல்லூரி. ஆளும் கருவியும் இருக்கின்றன, ஆனால் பல இடங்களில், பல நிர்வாகங்களின் கீழ், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல்.

ஆகவே இங்கே மன்றம் ஒரு பல்கலைக்கழகத்தைச் சுற்றி அமைய முடியாது. ஒரு நகரத்தைச் சுற்றி, அங்கே எட்டும் தூரத்தில் உள்ள கல்லூரிகள் சேர்ந்து அமைவதுதான் நடக்கிற காரியம். நாகர்கோவிலுக்கு ஒன்று, மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்துக்கு ஒன்று என்று இருக்கலாம். தூத்தூர் வட்டாரக் கடற்கரைக்குத் தனியாக ஒன்று தேவை என்பது என் எண்ணம். அங்குள்ள ஆழ்கடல் மீனவர்களின் கேள்விகள் நாகர்கோவிலில் கூடும் கூட்டத்தில் மேசைக்கே வராது.

2. தத்தெடுக்கக் கிராமம் எங்கே

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் சுமார் 18.7 லட்சம் பேர். அவர்களில் 82 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் இருப்பவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்து இதுதான் அதிகம். மாவட்டம் முழுக்க ஐம்பதைச் சுற்றிப் பேரூராட்சிகள். தென்னந்தோப்பும் வாழையும் வீடுமாகத் தொடர்ந்து போகும் ஊர்களில் நகரம் எங்கே முடிகிறது, கிராமம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

‘கிராமத் தத்தெடுப்பு’ என்ற மாதிரி இந்த நிலப்பரப்பை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. எழுத்தறிவு 91.75 சதவீதம் உள்ள மாவட்டத்தில், படித்தவர்கள் போய்ப் படிக்காதவர்களுக்குச் சொல்லித்தருவது என்ற அமைப்பும் ஓரளவுக்கு மேல் எடுபடாது. தேரூர்க் குளத்துப் பறவைகளைப் பற்றிப் பேசப்போகும் மாணவருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர், ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியராக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அவரைப் பார்வையாளராக உட்கார வைப்பது வீண். உறுப்பினராகச் சேர்த்தால் லாபம்.

3. நிர்வாகங்களும் நம்பிக்கையும்

மாவட்டத்தின் கல்லூரிகளில் பல ஏதாவது ஒரு சபையோ, மறைமாவட்டமோ, சமுதாயமோ, அறக்கட்டளையோ நடத்துபவை. அவை செய்திருக்கும் கல்விப் பணி பெரிது. அந்த எழுத்தறிவு எண்ணே அதற்குச் சாட்சி. ஆனால் ஒரு கல்லூரி மட்டும் தொடங்கும் மன்றம், அதன் நோக்கம் எதுவாக இருந்தாலும், ‘அவங்க மன்றம்’ என்றே ஊரில் அறியப்படும். 1982-ல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை இன்னும் இருக்கிறது. எனவே தொடக்கத்திலேயே வெவ்வேறு நிர்வாகங்களின் மூன்று கல்லூரிகளாவது சேர வேண்டும். கூட்டம் நடக்கும் இடம் எந்த ஒரு தரப்பின் மண்டபமாகவும் இருக்கக் கூடாது. நாகர்கோவிலில் மாவட்ட மைய நூலகம் போன்ற அரசுப் பொது இடம் நல்லது.

இதே விஷயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. குமரியில் ஊர் என்பது உதிரி மனிதர்களின் கூட்டமல்ல. கடற்கரையில் பங்குப்பேரவை, உள்நாட்டில் சேகரக் கமிட்டி, ஊர்க் கமிட்டி, ஜமாஅத், மகளிர் சுயஉதவிக் குழு, மீனவர் கூட்டுறவுச் சங்கம், பாசனத்தார் சங்கம் என்று ஏற்கெனவே வலுவான அமைப்புகள் உள்ளன. மன்றம் இவற்றுக்குப் போட்டியாக ஆள் சேர்க்கக் கூடாது. இவற்றிலிருந்து கேள்விகளை வாங்க வேண்டும்.

ஒரு கேள்வி எப்படி விடையாகிறது

கடலோர ஊர் ஒன்றின் கமிட்டி மன்றத்துக்கு ஒரு கேள்வியை எழுதித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம்: “பங்குனி, சித்திரையில் எங்கள் கிணறுகளில் உப்புச் சுவை வருகிறது. எந்தக் கிணறுவரை வந்திருக்கிறது? வருடாவருடம் கூடுகிறதா?”

1. கேள்வியைத் தெளிவாக்குதல். மன்றத்தில் ஊர் உறுப்பினர் இருவர், ஒரு வேதியியல் ஆசிரியர், ஒரு புவியியல் ஆசிரியர் உட்கார்ந்து பேசுகிறார்கள். “கூடுகிறதா” என்ற இரண்டாம் பாதிக்கு ஒரே ஆண்டில் விடை கிடைக்காது என்பதை அங்கேயே சொல்லிவிட வேண்டும். முதல் பாதிக்கு ஓராண்டு போதும்.

2. மாணவரோடு இணைத்தல். முதுநிலை மாணவர்கள் இறுதிப் பருவத்தில் ஒரு ஆய்வுத் திட்டம் செய்தே ஆக வேண்டும். தலைப்புக்கு அலைகிறார்கள். பழைய ஆய்வேட்டில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எழுதுவதும் நடக்காமல் இல்லை. ஊரின் கேள்வி இங்கே தலைப்பாக மாறுகிறது. மன்றத்தை ஓட்டும் எஞ்சினே இதுதான். மாணவர் எப்படியும் செலவிடப்போகும் நேரம், எப்படியும் எழுதப்போகும் ஆய்வேடு. புதிதாகப் பெரிய நிதி தேவையில்லை.

3. அளத்தல். கடலிலிருந்து உள்ளே போகும் கோட்டில் கிணறுகளைத் தேர்ந்து, கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறை மாதிரி எடுக்கிறார்கள். கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் கையடக்கக் கருவியால் அளக்கலாம். குளோரைடை வெள்ளி நைட்ரேட் தரம்பார்த்தல் முறையில், இளநிலை ஆய்வகத்திலேயே கண்டுபிடிக்கலாம். ஒப்பிட இந்தியக் குடிநீர்த் தரநிலை ஐஎஸ் 10500 இருக்கிறது: கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லையென்றால் 2,000வரை அனுமதி. குளோரைடுக்கு இந்த எண்கள் 250, 1,000.

4. திருப்பிக் கொடுத்தல். ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போகும். ஊருக்குப் போக வேண்டியது தமிழில் இரண்டு பக்கமும் ஒரு வரைபடமும்: எந்தத் தெரு எந்த எல்லைக்குள் இருக்கிறது, எந்தக் கிணற்று நீரைக் குடிக்க வேண்டாம். இது ஊர்க் கமிட்டியின் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். விரிவாக்கப் பணிகள் பெரும்பாலும் தடம்புரள்வது இந்த நான்காம் படியில்தான். மாதிரி எடுத்துப்போனவர்கள் திரும்பி வரவேயில்லை என்ற குறை நம் ஊர்களில் புதிதல்ல.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். மாணவர் அறிக்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழ் ஆகாது. வழக்குக்கோ இழப்பீட்டுக்கோ அது மட்டும் போதாது. ஆனால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் எந்தக் கிணறுகளைச் சோதிக்கச் சொல்லிக் கேட்பது என்று அது காட்டிவிடும். மனுவில் “தண்ணீர் சரியில்லை” என்று எழுதுவதற்கும், “இந்தப் பதினொரு கிணறுகளில் இந்த அளவு” என்று எழுதுவதற்கும் அலுவலகத்தில் கிடைக்கும் பதிலே வேறு.

எல்லாக் கேள்வியும் இவ்வளவு எளிதல்ல. மணவாளக்குறிச்சிப் பக்கக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிர்வீசும் தோரியம் இருக்கிறது, அதனால் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். கிள்ளியூர் வட்டத்தில் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்தபோது இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் பேசப்பட்டது. இயற்பியல் மாணவர் அளவுக் கருவியோடு போய் எந்த இடத்தில் எவ்வளவு என்று பதிவு செய்யலாம். உலக சராசரி இயற்கைக் கதிர்வீச்சான ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட்டோடு ஒப்பிட்டும் காட்டலாம். ஆனால் “எங்கள் ஊரில் புற்றுநோய் வருவது இதனாலா?” என்ற கேள்வி ஒரு பருவத் திட்டத்துக்குள் அடங்காது. அதற்குப் பெரிய மக்கள்தொகை, நோய்ப் பதிவேடு, பல ஆண்டுகள் தேவை. மன்றம் அங்கே “இதற்கு எங்களால் விடை சொல்ல முடியாது, இன்னாரால் முடியும்” என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அரைகுறை எண் ஒன்றைக் கொடுத்தால், இரண்டு தரப்பும் அதைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகும்.

கதிர்வீச்சுபோல் சூடில்லாத, ஆனால் கைக்கு எட்டும் கேள்விகள் நிறைய உண்டு. வலம்புரிவிளைக் குப்பைக்கிடங்கில் தீப்பிடிக்கும் நாட்களில் எந்தத் தெருக்களுக்குப் புகை போகிறது? 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைக்குச் சந்தையில் விலை மாறியிருக்கிறதா, மாறியிருந்தால் அந்தப் பணம் விவசாயிக்கு வந்ததா? 2022-ல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம்-தேரூர் ஈரநிலத்தின் கரையில் வயல் வைத்திருப்பவருக்கு அந்த அறிவிப்பால் நடைமுறையில் என்ன மாற்றம்? பொருளியல் துறையும் வணிகவியல் துறையும்கூடச் செய்யக்கூடியவை இவை. கேள்வி மன்றம் என்றதும் அறிவியல் துறைகளை மட்டும் நினைப்பது தவறு.

நாட்காட்டி ஒத்துவருமா

சின்ன விஷயம்போலத் தெரியும். மன்றம் படுத்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான்.

கல்லூரிக்கு ஜூன், ஜூலையில் தொடங்கி ஏப்ரலில் முடியும் ஆண்டு. ஊருக்கு வேறு ஆண்டு. குமரிக்கு இரண்டு கடற்கரை, அதனால் இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டினம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டத்தில் ஆட்கள் கரையில் இருக்கும்போது கல்லூரிக்கு விடுமுறை. தேங்காய்ப்பட்டினத்தில் ஆட்கள் கிடைக்கும்போது கல்லூரியில் மாணவர் சேர்க்கை அமளி.

நாஞ்சில் நாட்டின் இரண்டு நெல் போகங்களில் கும்பப்பூ அறுவடை தை, மாசியை ஒட்டி வரும், கன்னிப்பூ அறுவடை ஆவணியை ஒட்டி வரும். அந்த வாரங்களில் விவசாயியைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுப் பயனில்லை. குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் கிளம்புபவர்கள். அவர்களுக்கு மாலை ஏழு மணிக் கூட்டம் தண்டனை, மதியத்துக்குப் பிறகு வைத்தால் வருவார்கள். ஜெபக்கூட்டம், திருவிழா, கோயில் கொடை, தேரோட்டம் எல்லாம் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். கல்லூரி நாட்காட்டியை மட்டும் பார்த்து நாள் குறித்தால், வருவது ஓய்வூதியர்கள் மட்டுமே. அவர்கள் வரட்டும், ஆனால் அவர்கள் மட்டும் போதாது.

நடைமுறையில் இதற்கு ஒரே வழிதான்: கேள்வி வாங்கும் காலத்தையும் ஆய்வு நடக்கும் காலத்தையும் பிரிப்பது. ஏப்ரல் முதல் ஜூலைவரை கேள்விகள் சேரட்டும், அந்த மாதங்களில் கடற்கரைக்குப் போய்ச் சேகரிப்பது ஊர் உறுப்பினர்களின் வேலை. ஆகஸ்டில் துறைகள் தேர்ந்தெடுக்கட்டும். களப்பணி டிசம்பருக்குப் பிறகு. கோடை மாதிரி தேவைப்படும் கிணறு ஆய்வு போன்றவற்றுக்கு மட்டும் மாணவர் விடுமுறையில் இரண்டு நாள் வர வேண்டியிருக்கும்.

பதிவும் பணமும்

மன்றம் வளர வேண்டும் என்றால் பதிவு தேவை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி குறைந்தது 7 பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். ஒருவரின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, அதற்குள் தேர்தல். ஆண்டுப் பொதுக்கூட்டமும் கணக்குத் தாக்கலும் கட்டாயம். கணக்குத் தாக்கல் செய்யாமல் கிடக்கும் சங்கங்கள் நம் மாவட்டத்தில் கொஞ்சமில்லை.

கல்லூரியின் ஒரு பிரிவாக வைத்துக்கொண்டால் பதிவுத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் அப்போது வங்கிக் கணக்கு கல்லூரியுடையது, முதல்வர் மாறினால் மன்றமும் மாறும், ஊர் உறுப்பினரின் ஓட்டுக்குச் சட்ட மதிப்பு இல்லை. தனிச் சங்கமாகப் பதிவு செய்து, கல்லூரிகளோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வது மேல்.

நன்கொடையில் குமரிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று வெளிநாட்டுப் பணம். வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியில் அனுப்பும் தொகை, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியுரிமை வாங்கிவிட்டால், இங்கே பிறந்தவராக இருந்தாலும், வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருந்தாலும், அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ தேவை, பணமும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். ஊர்ப் பாசத்தில் அனுப்புபவருக்கும் ஆசையாக வாங்குபவருக்கும் இது தெரிவதில்லை. மன்றத்தின் தேவை சிறிது. உறுப்பினர் சந்தாவோடும் உள்நாட்டு நன்கொடையோடும் நிறுத்திக்கொள்வது தலைவலியைக் குறைக்கும்.

நாற்காலி யாருக்கு

எத்தனை நல்ல எண்ணம் இருந்தாலும், குழுவில் யாருக்கு எத்தனை இடம் என்பதைப் பொறுத்தே மன்றம் எந்தப் பக்கம் சாயும் என்பது தீர்மானமாகும். கீழே உள்ளவை என் பரிந்துரைகள், சட்டம் அல்ல.

1. நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் ஊர் உறுப்பினர்கள். பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவரை ஊர்க் கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்த ஓட்டை வழியாகத்தான் ஊர்ப் பெரும்பான்மை காணாமல் போகும்.

2. மாணவர்களுக்கு ஓட்டுரிமையுள்ள இடம். வேலையைச் செய்வது அவர்கள்.

3. பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒன்று. தண்ணீர், ரேஷன், மருத்துவமனை பற்றிய கேள்விகள் அவர்களிடமிருந்தே வரும்.

4. கேள்விப் பதிவேடு எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும்: யார் கேட்டது, எப்போது, எந்தத் துறை எடுத்தது, விடை வந்ததா. விடை வராத கேள்விகளும் அதில் அப்படியே இருக்க வேண்டும்.

5. தேர்தலில் நிற்பவர், கட்சிப் பொறுப்பில் இருப்பவர் நிர்வாகக் குழுவில் வேண்டாம். உறுப்பினராக இருக்கலாம். ஃபிளெக்ஸ் பேனரில் யார் படம் எவ்வளவு பெரிது என்ற பஞ்சாயத்தும் இதோடு ஒழியும்.

அறிக்கை பிடிக்காமல் போனால்

கடைசியாக ஒன்று. தொடங்கும் உற்சாகத்தில் யாரும் இதைப் பேசுவதில்லை, ஆனால் மன்றத்தின் சட்டவிதியில் முதலிலேயே எழுதி வைக்க வேண்டிய விஷயம் இது.

ஆய்வின் முடிவு யாருக்காவது உறுத்தும். கிணற்று நீர் ஆய்வில் கடல் காரணம் அல்ல, பக்கத்து மீன் பதப்படுத்தும் கூடத்தின் கழிவுநீர்தான் காரணம் என்று வரலாம். அந்தக் கூடத்தின் உரிமையாளர் கல்லூரியின் புரவலராக இருக்கலாம். ஊர்க் கமிட்டியிலேயே உட்கார்ந்திருக்கலாம். அல்லது ஊர் நம்பியதற்கு நேர்மாறாக, ஒன்றும் பிரச்சினை இல்லை என்று முடிவு வரலாம். அப்போது கோபம் ஊர்ப் பக்கமிருந்து வரும்.

இதற்கு மூன்று விதிகள் தேவை. முதலாவது, அறிக்கை முடிந்ததும் கேள்வி கேட்டவருக்கும், அதில் பெயர் வரும் தரப்புக்கும் ஒரே நாளில் கொடுத்து, பதில் எழுத ஒரு மாதம் தர வேண்டும். அந்தப் பதில் அறிக்கையோடு சேர்ந்தே வெளியாக வேண்டும். இரண்டாவது, வெளியிடலாமா என்பதில் ஓட்டெடுப்பு கிடையாது. அளவீட்டு முறை சரியா என்று அந்தத் துறையைச் சாராத வேறு கல்லூரியின் ஆசிரியர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்டால் அது வெளியாகும். மூன்றாவது, மாணவரின் பெயர் வெளியீட்டில் வருவதும் வராததும் அவர் விருப்பம். அக மதிப்பெண் முழுவதும் பதிவான பிறகே அறிக்கை ஊருக்குப் போக வேண்டும்.